பெயரைச் சொன்ன பிறகு

அறுபதைக் கடந்த இருவர், பேத்தியோடு அமர்ந்து கார்ட்டூன் படம் பார்த்து, அதைப் பற்றி ஓர் இலக்கிய இதழில் எழுத முற்படுவது வாசகர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எங்களுக்கே அது வியப்புத்தான். அதிலும் அப்படங்களில் வரும் காதலைப் பற்றி எழுதப் போகிறோம் என்றால், முகம் சுளிப்பவர்களும் இருக்கக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

இதனை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒருவர் சொல்ல, மற்றவர் எழுதுகிறார். ஏன் அப்படி என்பது போகப் போகத் தெரியவரும். எவர் சொல்கிறார், எவர் எழுதுகிறார் என்பதை மட்டும் கேளாதிருங்கள்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் மகளின் மகள் மூன்று வாரங்கள் எங்களோடு தங்கியிருந்தாள். ஒன்பது வயது. பகலெல்லாம் வெயிலில் திரிந்துவிட்டு, மாலையானதும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துகொள்வாள். தனியாகப் பார்க்க அவளுக்குப் பிடிக்காது. இருபுறமும் ஆளுக்கொருவராக எங்களை இருத்திக்கொண்டுதான் படத்தைத் தொடங்குவாள். கதை புரியாத இடங்களில் விளக்கம் சொல்லும் பொறுப்பையும் அவளே ஏற்றுக்கொண்டாள். எங்கள் வாழ்வில் நாங்கள் முழுமையாகப் பார்த்த முதல் சித்திரப் படம் இப்படித்தான் அமைந்தது. அதன் பெயர் 'டேங்கில்ட்'.

வால்ட் டிஸ்னி நிறுவனம் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட படம் அது. அந்நிறுவனத்தின் முழுநீளச் சித்திரப் படங்களின் வரிசையில் 50ஆவது. நேதன் கிரேனோ, பைரன் ஹோவர்ட் ஆகிய இருவரும் சேர்ந்து இயக்கியிருக்கிறார்கள். கதையின் வேர், ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட நாட்டார் கதைத் தொகுப்பில் உள்ளது. கோபுரத்தில் அடைக்கப்பட்ட ராபன்சல் என்னும் நீள்கூந்தல் பெண்ணின் கதை. பழங்கதையில் இளவரசன் ஒருவன், அவளை அடைத்து வைத்த சூனியக்காரியின் குரலைப் போலவே குரல் கொடுத்து, அவள் தொங்கவிட்ட கூந்தலைப் பற்றிக்கொண்டு ஏறி வருகிறான். படத்தில் இளவரசன் இல்லை. அரண்மனையின் மணிமுடியைத் திருடிக்கொண்டு ஓடிவரும் கள்வன் ஒருவன் ஒளிந்துகொள்ள இடம் தேடிக் கோபுரத்தில் ஏறுகிறான். ஃபிளின் ரைடர் என்று தன் பெயரைச் சொல்கிறான். பழைய கதையில் காதலன் இரவல் குரலோடு உள்ளே நுழைந்தான். புதிய கதையில் இரவல் பெயரோடு நுழைகிறான். நல்ல மாற்றம் என்றே சொல்ல வேண்டும்.

இந்த ஃபிளின் ரைடர் சரியான பகட்டுக்காரன். தன்னைத் தேடி ஒட்டப்பட்ட சுவரொட்டியில் தன் மூக்கைச் சரியாக வரையவில்லையே என்பதுதான் அவனுக்குக் கவலை. பிடிபட்டால் தூக்கு என்பது இரண்டாம் கவலை. முகத்தைச் சாய்த்து, புருவத்தை உயர்த்தி, உதட்டைக் குவித்து ஒரு பார்வை பார்த்தால் எந்தப் பெண்ணும் மயங்கிவிடுவாள் என்று நம்புகிறவன். அந்தப் பார்வையை ராபன்சலிடம் காட்டுகிறான். அவளோ வாணலியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நிற்கிறாள். எங்கள் பேத்தி இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வேடிக்கையாகச் செல்லும் படம், நடுவில் ஒரு குகைக்குள் வந்து நிற்கிறது. துரத்துவோரிடமிருந்து தப்பி ஓடும்போது அணை உடைந்து, இருவரும் ஒரு குகையில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். வாயிலைப் பாறை மூடிவிட்டது. நீர் ஏறிக்கொண்டே வருகிறது. அவன் நீருக்குள் மூழ்கி வழி தேடுகிறான். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. கல்லில் உள்ளங்கை கிழிகிறது. நீர் கழுத்துவரை வந்துவிட்டது. எல்லாம் தன்னால் வந்த வினை என்று அவள் அழுகிறாள். அப்போது அந்தப் பகட்டுக்காரன், எவராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும் என்பதுபோல், தன் உண்மையான பெயர் யூஜின் ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்று சொல்கிறான்.

காதல் வசனம் எதுவும் இல்லை. நிறம் கெட்ட பழைய சட்டையைக் காட்டுவதுபோல, வெட்கத்தோடு ஒரு பெயரை எடுத்துக் காட்டுகிறான். அவ்வளவுதான். உடனே அவளும் தன்னிடம் இருப்பதைச் சொல்கிறாள்: பாடினால் ஒளிவிடும் கூந்தல் தன்னுடையது. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னதன் பொருள் அவளுக்கே விளங்குகிறது. அவசரமாகப் பாடுகிறாள். கூந்தல் ஒளிவிட, நீருக்கடியில் வழி தெரிகிறது; பிழைத்துவிடுகிறார்கள். ஒளித்து வைத்திருந்ததைச் சொன்னதால்தான் வழி தெரிந்தது என்பதைக் கதாசிரியர் நமக்கு விளக்கிச் சொல்லவில்லை. அதற்கு நேரமும் இல்லை; அவர்கள் நீரிலிருந்து கரையேறிவிட்டார்கள்.

அப்போதுதான் எங்கள் நடுவில் அமர்ந்திருந்தவள் ஒரு கேள்வி கேட்டாள்:

"செத்துப் போகப் போறோம்னு தெரிஞ்சாத்தான் உண்மையச் சொல்லுவாங்களா தாத்தா?"

கேள்வி தாத்தாவிடம் கேட்கப்பட்டது. தாத்தா அம்மாச்சியைப் பார்த்தார். அம்மாச்சி தொலைக்காட்சியைப் பார்த்தார். "படத்தைப் பாரு" என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டோம்.

தப்பிக்க வேண்டிய காரணம் எங்கள் இருவருக்கும் இருந்தது. அதைச் சொல்லும் முன், அந்தப் படத்தில் எங்களைக் கவர்ந்த இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லிவிட வேண்டும்.

அன்றிரவு காட்டில் தீ மூட்டி அமர்ந்திருக்கும்போது, அவனுடைய கிழிந்த கையில் தன் கூந்தலைச் சுற்றி, பாடி, காயத்தை ஆற்றுகிறாள். அவன் அலறப் போகிறான், பிறகு அடக்கிக்கொள்கிறான். வெட்டப்பட்டால் அந்தக் கூந்தல் நிறம் மாறி ஆற்றல் இழந்துவிடும் என்பதையும், அதனாலேயே தான் கோபுரத்தை விட்டு வெளியே வந்ததில்லை என்பதையும் சொல்கிறாள். அவனும் சொல்கிறான்: அநாதை விடுதியில் வளர்ந்தவன், அங்குள்ள சிறு பிள்ளைகளுக்கு இரவில் ஒரு சாகசக்காரனின் கதைப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவான், வேண்டிய இடத்துக்கெல்லாம் போகக்கூடிய அந்தச் செல்வனின் பெயரைத்தான் பின்னாளில் தன் பெயராகச் சூட்டிக்கொண்டான். ஃபிளின் ரைடரைவிட யூஜினையே தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் சொல்கிறாள். அப்படிச் சொன்ன முதல் ஆள் நீதான் என்கிறான் அவன். அந்தப் பதிலில் உள்ள வறுமை, படம் முடிந்த பிறகும் எங்கள் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

எங்கள் தலைமுறையில் மனைவி கணவனின் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்லுவார். ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்வதும், அது ஏற்றுக்கொள்ளப்படுவதும் எவ்வளவு பெரிய காரியம் என்பது அதனால்தான் எங்களுக்கு எளிதில் விளங்கிற்றோ என்னவோ.

இரண்டாவது இடம், ஏரியில் படகு. வானமெங்கும் விளக்குகள் மிதந்து செல்லும் அக்காட்சியைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள், அழகுதான், மறுக்கவில்லை. எங்கள் கண் வேறொன்றில் நின்றது. அவன் திருடிவந்த மணிமுடிப் பையை அவள் இவ்வளவு நேரமும் அவனுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள். கொடுத்தால் போய்விடுவான் என்ற அச்சம். படகில் அதை எடுத்து அவனிடம் கொடுக்கிறாள். பயந்திருந்தேன், இப்போது பயமில்லை என்கிறாள். அவன் பையை வாங்கி ஒதுக்கி வைத்துவிட்டு விளக்கைக் கையில் எடுக்கிறான். குகையில் சொன்னது இறக்கும் தருவாயில் சொன்னது. அதற்குத் துணிவு அதிகம் வேண்டியதில்லை. படகில் சொன்னது அப்படியல்ல. நீர் அமைதியாக இருந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாம். எங்கள் பேத்தியின் கேள்விக்கு விடை படகில் இருந்தது. நாங்கள்தான் அதை அன்று அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

இந்தச் சித்திரப் படங்களில் ஓர் இக்கட்டு உண்டு. நடிகர்கள் நடிக்கும் படத்தில் கதாநாயகனின் முகம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. சுவரொட்டி பார்த்தபோதே நாம் அவர்களைச் சேர்த்து வைத்துவிடுகிறோம். வரைந்த உருவங்களுக்கு அந்த முன்கடன் கிடைப்பதில்லை. அவர்கள் வெறும் கோடுகள். இன்றைய முறையில் சொன்னால் கணினியின் கணக்குகள். அழகாக வரைவது எளிது. ஆகவே அழகுக்கு அங்கே மதிப்பில்லை. இரண்டு பொம்மைகள் ஒன்றையொன்று நேசிக்கின்றன என்று நாம் நம்ப வேண்டுமானால், அதற்கான காரணம் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் நம் கண்முன்னே நடந்தாக வேண்டும். நல்ல படக்காரர்கள் அதற்குக் கண்டுகொண்ட வழி இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது: ஒரு பாத்திரம் தன் குறையை மற்றதன் முன்னே வைக்கிறது, அது சிரிக்காமல் அதை வாங்கிக்கொள்கிறது.

1991இல் வந்த 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்திலும் இது உண்டு என்பதைப் பேத்தியின் தயவால் பிறகு அறிந்தோம். ஆஸ்கரின் சிறந்த படத்துக்கான போட்டியில் இடம்பெற்ற முதல் சித்திரப் படம் அதுவே. அதில் விலங்குருவம் கொண்ட இளவரசன் உணவு மேசையில் கஞ்சிக் கிண்ணத்துக்குள் முகத்தை விட்டு நக்கிக் குடிக்கிறான். பிறகு வெட்கப்பட்டு, அந்தப் பெரிய பாதத்தில் கரண்டியைப் பிடிக்கப் பார்க்கிறான்; முடியவில்லை. எதிரே இருக்கும் பெல், தன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கிண்ணத்தையே இரு கைகளாலும் தூக்கி உதட்டில் வைத்துக் குடிக்கிறாள். அவனும் அப்படியே குடிக்கிறான். அவ்வளவு சிறிய செயல். அவன் அவளுக்குப் பரிசாகக் கொடுத்த மாபெரும் நூலகத்தைவிட இந்தக் கிண்ணம் பெரிது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

இதற்கு எதிரான சான்றும் அதே நிறுவனத்தின் படங்களிலேயே கிடைக்கிறது. 1992இல் வந்த 'அலாதீன்' படத்தில், இளவரசன் வேடத்தில் வந்து இளவரசியைப் பறக்கும் கம்பளத்தில் ஏற்றிச் செல்கிறான் நாயகன். அவன் ஆப்பிளை உருட்டிவிடும் விதத்தைக் கண்டே, சந்தையில் சந்தித்த ஏழை இளைஞன் இவன்தான் என்பதை அவள் கண்டுபிடித்துவிடுகிறாள்; கேட்டும்விடுகிறாள். உண்மையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல வாயில் எவருக்குத் திறக்கும்? அவனோ, தான் இளவரசன்தான் என்றும், அரண்மனை வாழ்வின் தொல்லைக்குத் தப்பவே எப்போதாவது ஏழையாக வேடமிடுவதாகவும் புதியதொரு பொய்யைக் கட்டுகிறான். அவள் நம்பிவிடுகிறாள். அதன் பிறகு படத்தில் வரும் துன்பமெல்லாம் அந்த ஒரு பொய்யின் வட்டிதான்.

2013இல் வந்த 'ஃப்ரோசன்' இன்னும் கூர்மையானது. அதில் ஹான்ஸ் என்னும் இளவரசன், ஆன்னா என்ற பெண் எதைச் சொன்னாலும் 'எனக்கும் அப்படித்தான்' என்கிறான். அவள் தொடங்கிய வாக்கியத்தை அவன் முடிக்கிறான். ஒரே மாலையில் திருமணம் பேசி முடிக்கிறார்கள். தனிமையில் வளர்ந்த அப்பெண் தன் உள்ளத்தைத் திறந்து காட்டியது மெய்; அவனோ கண்ணாடியைப் போல அவளையே அவளுக்குத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் நாடியது அவளுடைய நாட்டை.

இதைப் பார்த்து நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். 1984ஆம் ஆண்டில், பெண் பார்க்க வந்த அன்று, பெரியவர்கள் எங்களுக்குப் பத்து நிமிடம் தனித்துப் பேச அனுமதி கொடுத்தார்கள். இசை பிடிக்குமா, பிடிக்கும், எனக்கும்தான். படிப்பதில் ஆர்வம் உண்டா, உண்டு, எனக்கும்தான். பாகற்காய் பிடிக்குமா? மிகவும் பிடிக்கும். எனக்கும்தான். அந்த ஒரு சொல்லுக்காக எங்களில் ஒருவர் பதினோரு ஆண்டுகள் பாகற்காய் தின்றார். நல்லவேளை, எங்களிடம் அபகரிக்க நாடு எதுவும் இல்லை.

ஆனால் பாகற்காயோடு நின்றுவிடவில்லை என்பதுதான் நாங்கள் இங்கே சொல்ல வேண்டிய செய்தி. 'எனக்கும்தான்' என்று தொடங்கிய வாழ்க்கையில், 'எனக்கு அப்படியில்லை' என்று சொல்வது கடினமாகிவிடுகிறது. நாங்கள் சண்டையிட்டுக்கொள்ளாத தம்பதியர் என்று உறவினரிடையே பெயர் எடுத்தவர்கள். அந்தப் பெயரும் ஃபிளின் ரைடர் போன்றதுதான்.

அடுத்த வாரம் பேத்தி 'வால்-ஈ' படத்தைப் போட்டாள். ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கி, பிக்சார் நிறுவனம் 2008இல் வெளியிட்ட படம். மனிதர்கள் குப்பையால் நிரப்பிவிட்டுக் கைவிட்டுப் போன பூமியில், 700 ஆண்டுகளாகத் தனியே குப்பையை அழுத்திக் கட்டி அடுக்கிக்கொண்டிருக்கும் சிறிய இயந்திரம் அது. துருப்பிடித்த உடல். தேய்ந்துபோன உறுப்புகளை, செத்துக் கிடக்கும் தன் இனத்து இயந்திரங்களிலிருந்து கழற்றி மாட்டிக்கொள்ளும் ஏழைமை. துணைக்கு ஒரு கரப்பான் பூச்சி. பழைய வீடியோ நாடாவில் 1969ஆம் ஆண்டின் 'ஹலோ, டாலி!' என்ற இசைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, இருவர் கைகோத்துக்கொள்வதைக் கண்டு, தன் ஒரு கையால் தன் மற்றொரு கையைப் பிடித்துப் பார்க்கிறது. முதல் பகுதியில் பேச்சே அநேகமாக இல்லை.

வானிலிருந்து ஈவ் என்ற வெண்ணிறக் கருவி வந்திறங்குகிறது. வழுவழுப்பும் வலிமையும் உடையது. ஐயம் தோன்றினால் உடனே சுட்டுவிடும். ஒரு செடியைக் கண்டதும் அதைத் தன்னுள் வைத்துக்கொண்டு, கட்டளைப்படி உணர்விழந்து உறங்கிவிடுகிறது. வால்-ஈக்கு ஒன்றும் புரியவில்லை. எழுப்பிப் பார்க்கிறது. மழை பெய்தால் குடை பிடிக்கிறது. தன்மேல் இடி விழுந்தாலும் விடுவதில்லை. வண்ண விளக்குச் சரத்தைச் சுற்றி, படகில் உட்காரவைத்து அழைத்துச் செல்கிறது. மாலைச் சூரியனைக் காட்டுகிறது. பக்கத்தில் அமர்ந்து கையைப் பிடிக்க முயல்கிறது. இவை எவற்றையும் அவள் அறியமாட்டாள். (அவள் என்று எழுதிவிட்டோம், எங்கள் பேத்தியும் அப்படித்தான் சொன்னாள்.)

பின்னர், மனிதர்கள் குடியிருக்கும் விண்கப்பலில், தன் நினைவில் பதிந்திருந்த காட்சிகள் ஓடும்போது, தான் உறங்கிக் கிடந்த நாட்களில் நடந்தது அனைத்தையும் ஈவ் காண்கிறாள். குடை, மழை, விளக்குச் சரம், கை. அந்த நீலக் கண்களுக்கு இமையோ நீரோ கிடையாது. இரண்டு ஒளிக்கோடுகள் மட்டுமே. அவை மெல்ல வளைகின்றன. அவள் நேசிக்கத் தொடங்கியது அந்தக் கணத்தில்தான். தான் வலிமையாக இருந்தபோது தன்னைக் கண்டு வியந்தவனை அவள் பொருட்படுத்தவில்லை. தான் ஒன்றுமற்றுக் கிடந்தபோது தன்னைச் சுமந்தவன் எவன் என்பதைக் கண்டாள்.

அந்தக் காட்சியின் நடுவில் எங்களில் ஒருவர் எழுந்து அடுக்களைக்குச் சென்றுவிட்டார். மற்றவர் சற்று நேரம் கழித்துப் பின்தொடர்ந்தார். பேத்தி திரும்பிப் பார்க்கவில்லை.

எங்களில் ஒருவருக்குச் சில மாதங்களாக வலக்கை நடுங்கிக்கொண்டிருந்தது. சும்மா மடியில் கிடக்கும்போதுதான் அதிகம். கையெழுத்து எறும்பு ஊர்வதுபோலச் சிறுத்துவிட்டது. வங்கியில் கையொப்பம் ஒத்துவரவில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்; பேனா சரியில்லை என்று வீட்டில் வந்து சொன்னார். ஒருநாள் பால் பொங்கித் தீய்ந்த நாற்றம் பக்கத்து வீடுவரை சென்றது. அருகில் நின்றவருக்குத் தெரியவில்லை. ஜலதோஷம் என்றார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, சட்டென்று பையைத் தூக்கிக்கொள்வது, பிறர் முன் காப்பி வேண்டாம் என்பது, இப்படிப் பல தந்திரங்களைக் கற்றுக்கொண்டார்.

அடுக்களையில் நாங்கள் பேசியது மிகக் குறைவு. அதை அப்படியே எழுதுகிறோம்.

"கை நடுங்குது. ஆறு மாசமா."

"தெரியும்."

"தெரியுமா? எப்பருந்து?"

"டம்ளர்ல பாதிதானே ஊத்திக் குடுக்கிறேன்."

உண்மைதான். பல மாதங்களாக எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் நிறைந்தும், மற்றொன்று பாதியாகவும்தான் வந்துகொண்டிருந்தது. சிந்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. பாதி முடிந்ததும், கேளாமலே மறுபாதி வரும். கையை மறைத்தவர் அதைக் கவனிக்கவே இல்லை. மறைப்பதிலேயே அவர் கவனமெல்லாம் சென்றுவிட்டது.

இதோடு முடிந்திருந்தால், ஒருவர் குறையை மற்றவர் பெருந்தன்மையோடு தாங்கினார் என்று எழுதிவிடலாம். அப்படி எழுதினால் அது பொய். ஊற்றிக் கொடுத்தவர் சிறிது நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நாலு வருஷம் நான்தான் பாத்துக்கிட்டேன். எல்லாரும் என்னைப் புகழ்ந்தாங்க. ஆனா எனக்கு அவர் மேல கோபம் கோபமா வரும். ஒருநாள் சோத்துத் தட்ட நங்குன்னு வச்சிருக்கேன். அவர் ஒண்ணும் சொல்லல. மறுபடியும் அந்தக் கோபம் வந்துருமோன்னு பயம். அதான் கேக்கல."

இத்தனை ஆண்டுகளில் இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. தந்தையைக் கண்ணும் கருத்துமாகக் காத்த பிள்ளை என்று ஊரே போற்றியதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார். கை நடுங்குவது உடலின் குற்றம். அதைச் சொல்வதற்கே ஆறு மாதம் ஆயிற்று. இது அதைவிடக் கடினமான சொல். கேட்டவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. "கோபம் வந்தா வரட்டும்" என்று மட்டும் சொன்னார். பிறகு முன்னறையிலிருந்து, படம் முடியப் போகிறது என்று அழைப்பு வந்தது.

சென்று பார்த்தோம். பழுதுபார்க்கப்பட்ட வால்-ஈ, நினைவு அழிந்துபோய், தான் அன்போடு சேர்த்து வைத்த பொருள்களையே குப்பையென்று அழுத்திக்கொண்டிருந்தது. எதிரே நிற்பவளை அதற்குத் தெரியவில்லை. ஈவ் அதன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். முகத்தோடு முகம் வைத்ததும் ஒரு சிறு மின்பொறி எழுகிறது. பொறி போதவில்லையோ என்று அவள் விலகப் போகும்போது, அந்தத் துருப்பிடித்த விரல்கள் விடாமல் பற்றிக்கொள்கின்றன. பேத்தி கைதட்டினாள். நாங்களும் தட்டினோம், நடுங்கும் கையும் சேர்ந்துதான்.

மறு வாரம் நரம்பியல் மருத்துவரிடம் சென்றோம். பார்க்கின்சன் நோய் என்றார். தமிழில் நடுக்குவாதம் என்பார்கள். மாத்திரைகளால் நடுக்கமும் விறைப்பும் தணியும், நோய் நீங்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார். நாங்கள் எதிர்பார்த்ததுதான். இருவரும் ஒரே அறையில் அமர்ந்து கேட்டோம் என்பது மட்டும் எதிர்பாராதது.

விடுமுறை முடிந்து பேத்தி ஊருக்குச் சென்றாள். போகும்போது, நாங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று ஒரு படத்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கண்ணாடி அலமாரியில் ஒட்டிவிட்டுச் சென்றாள். 'அப்'. பீட் டாக்டர் இயக்கத்தில் 2009இல் வந்தது. கான் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்த முதல் சித்திரப் படம் என்ற சிறப்பும் அதற்கு உண்டு. அதை நாங்கள் இருவர் மட்டும் பார்த்தோம். நடுவிலிருந்த இடம் காலியாக இருந்தது. சிறிது நேரத்தில் அது தானே குறைந்துவிட்டது.

கார்ல், எல்லி என்ற இரு குழந்தைகள் சந்திக்கிறார்கள். அவன் வாய் திறவாதவன். அவள் பல் விழுந்த வாயாடி. தன் சாகசப் புத்தகத்தை அவனுக்கு மட்டும் காட்டுகிறாள். பிறகு, சொல்லே இல்லாமல் சில நிமிடங்களில், அவர்களுடைய மணவாழ்க்கை முழுதும் நம்முன் ஓடி மறைகிறது. குழந்தைக்கென்று அறைக்கு வண்ணம் பூசுகிறார்கள். அடுத்த காட்சியில் மருத்துவமனை அறை, முகத்தைக் கைகளில் புதைத்த எல்லி. வீட்டுத் தோட்டத்தில் கண் மூடி அமர்ந்திருப்பவளிடம் கார்ல் வருகிறான்; ஆறுதல் கூறவில்லை; அந்தப் பழைய புத்தகத்தை அவள் கையில் வைக்கிறான். தென் அமெரிக்க அருவிக்குப் போகப் பணம் சேர்க்கிறார்கள். வண்டிச் சக்கரம், உடைந்த கால், கூரையில் விழுந்த மரம் என்று உண்டியல் ஒவ்வொரு முறையும் உடைகிறது. கடைசியில் அவன் பயணச்சீட்டு வாங்கிவரும்போது அவளுக்கு நடக்க இயலவில்லை.

அவள் இறந்து நெடுநாளுக்குப் பிறகுதான், தான் வெறுமையாக இருக்கும் என்று எண்ணி ஒருபோதும் புரட்டாத பக்கங்களைக் கார்ல் புரட்டுகிறான். அவற்றில் அவர்களுடைய வாழ்க்கைப் படங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. தனக்குக் கிடைத்த சாகசம் இந்த வாழ்க்கையே என்று அவள் எண்ணியிருக்கிறாள். நன்றியும் எழுதி வைத்திருக்கிறாள்.

இந்த இடத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. பாதி டம்ளர் ஊற்றுவதுபோல, கையில் ஒரு புத்தகத்தை வைப்பதுபோல, வாய்விட்டுச் சொல்லாததும் உண்மைப் பேச்சுத்தான்; எல்லியும் கார்லும் ஒருவர்க்கொருவர் எதையும் மறைக்கவில்லை என்றார் எங்களில் ஒருவர். மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் எத்தனை ஆண்டுகள் அவளை ஏமாற்றிவிட்டோம் என்ற குற்ற உணர்வோடு வாழ்ந்திருக்கிறான்! அந்தப் பக்கம் அவள் உயிரோடு இருக்கும்போதே திறக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று, அவள் காட்டியிருக்க வேண்டும். அல்லது அவன் கேட்டிருக்க வேண்டும் என்றார். சற்றுக் குரல் உயர்த்தியே பேசிக்கொண்டோம். எங்கள் வீட்டில் இது புதிது. வாதம் இன்றும் முடியவில்லை.

இரவு பேத்தியிடமிருந்து தொலைபேசி வந்தது.

"'அப்' பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"அழுதீங்களா?"

"ஆமா."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருந்தான்."

"யாரு முதல்ல?"

அதை அவளிடமும் சொல்லவில்லை. தீபாவளி விடுமுறைக்கு வரும்போது எந்தப் படத்தைக் கொண்டுவருவாய் என்று கேட்டோம். அவள் பெயர்களை அடுக்கத் தொடங்கினாள். எழுதிக்கொள்வதற்காக எங்களில் ஒருவர் பேனாவைத் தேடினார்.